நோவுக் குளிசை எண்டு மட்டும் சொல்லி அனுப்பினால் போதுமா?

இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வாற ஒருவரின் கையில் அநேகமாக நாலு சாமான் இருக்கும். ஒரு வோக்கர். ஒரு உறை எக்ஸ்ரே. ஆங்கிலத்தில் எழுதின ஒரு துண்டு. பிறகு, சின்னச் சின்னப் பைகளில் குளிசை. பையின் மேல் காலை, பகல், இரவு எண்டு எத்தனை போடவேணும் எண்டது குறிக்கப்பட்டிருக்கும். என்னத்துக்குப் போடவேணும் எண்டது இருக்காது.

அந்தப் பைகளில் சிலருக்குக் கிடைக்கிற ஒரு குளிசையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இண்டோமெத்தசின், ஐபுபுறொபென், டைக்குளோபினாக் எண்டு பல பெயரில் வாற, அழற்சியைத் தணிக்கிற மருந்து அது. ஊரில எல்லாருக்கும் அது "நோவுக் குளிசை". ஆனால் இடுப்பு மூட்டு மாற்றின பிறகு சில நாட்களுக்கோ சில கிழமைகளுக்கோ கணக்காக எழுதிக் குடுக்கிறபோது, அதுக்கு இன்னொரு வேலையும் இருக்கலாம். புது மூட்டைச் சுற்றியிருக்கிற தசைக்குள்ள தேவையில்லாத எலும்பு முளைக்காமல் தடுக்கிறது. இந்த ரெண்டாவது வேலையை நோயாளிக்கு அவருடைய மொழியில் சொல்லாமல் விடுகிறது சின்ன விசயம் இல்லை எண்டதுதான் எங்கட கருத்து.

நாங்கள் கலைப்பீட மாணவர்கள். மருத்துவம் எங்களுக்குரிய பாடம் இல்லை. யாருக்கு எந்த மருந்து எண்டு சொல்ல எங்களுக்குத் தகுதியும் இல்லை, அந்த எண்ணமும் இல்லை. ஆனால் ஒரு வசனம் ஒரு மனிசரிடம் போய்ச் சேர்ந்ததா, இல்லையா எண்டது எங்கட பாடம்தான். வன்னியில் இந்த வசனம் போய்ச் சேரவில்லை.

எங்களில் ஒருத்தியின் அம்மப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றினது. வீட்டுக்கு வந்து அஞ்சாம் நாள் அந்தக் குளிசையை நிப்பாட்டிவிட்டார். கேட்டதுக்கு அவர் சொன்ன பதில் இதுதான்: "நோ இல்லைப் பிள்ளை. நோ இல்லாமல் நோவுக் குளிசை போட்டு ஏன் வயித்தைப் புண்ணாக்குவான்?" அவர் சொன்னதில் என்ன பிழை? அவருக்குத் தெரிந்த தகவலை வைத்துப் பார்த்தால் அது நல்ல முடிவு. நோ போனால் குளிசையை விடு எண்டுதான் நாங்களும் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். அவருக்குக் கிடைக்காதது புத்தி இல்லை, ஒரே ஒரு வசனம்.

எலும்பு எப்படி முளைக்குது?

இடுப்பு மூட்டை மாற்றுகிறபோது தசைகளை விலக்கி, தொடை எலும்பின் தலையை வெட்டி எடுத்து, எலும்பைக் குடைந்து, செயற்கை மூட்டைப் பொருத்துவார்கள். இது உடம்புக்குப் பெரிய காயம். காயத்தை ஆற்ற உடம்பு உடனேயே வேலையைத் தொடங்கும். அந்த அவசரத்தில், தசையிலும் அதைச் சுற்றியும் இருக்கிற முதிராத கலங்கள் சில, எலும்பு செய்கிற கலங்களாக மாறிவிடும். அவை தசைக்குள்ளேயே எலும்பைக் கட்டத் தொடங்கும். இது புற்றுநோய் இல்லை. செயற்கை மூட்டு பழுதாகிவிட்டது எண்டதும் இல்லை. உண்மையான எலும்பு, இருக்கக்கூடாத இடத்தில் வளருது. அவ்வளவுதான்.

மூட்டு மாற்றினவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு அளவில் இது எக்ஸ்ரேயில் தெரியும். பயப்பட வேண்டாம், அநேகமானவர்களுக்கு எந்தத் தொந்தரவும் வராது. 1973இல் புரூக்கர் எண்ட வைத்தியரும் அவருடன் வேலை செய்தவர்களும் இதை நாலு படியாகப் பிரித்தார்கள். இண்டைக்கும் அந்தப் பிரிப்புத்தான் பாவனையில் இருக்கு. முதலாம் படியில் தசைக்குள் அங்கொன்று இங்கொன்றாகச் சின்ன எலும்புத் துண்டுகள். ரெண்டாம் படியில் இடுப்பெலும்பிலிருந்தும் தொடை எலும்பிலிருந்தும் முளை கிளம்பியிருக்கும், ஆனால் ரெண்டுக்கும் நடுவில் ஒரு சென்ரிமீற்றராவது இடைவெளி இருக்கும். மூன்றாம் படியில் அந்த இடைவெளி ஒரு சென்ரிமீற்றருக்கும் குறையும். நாலாம் படியில் ரெண்டும் ஒட்டினமாதிரி, மூட்டு பூட்டுப் போட்டதுபோல் ஆகிவிடும். மூன்றாம், நாலாம் படிக்குப் போகிறவர்கள் குறைவு. ஆனால் போனவருக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. காலை மடக்கிச் செருப்புப் போட ஏலாது. பஸ் படியில் ஏற ஏலாது. மூட்டு மாற்றினதே நடக்கவும் இருக்கவும்தான். அதுவே இல்லாமல் போகும்.

ஆண்களுக்கு, முன்னம் ஒரு இடுப்பில் இப்படி எலும்பு முளைத்தவர்களுக்கு, முள்ளந்தண்டு இறுகுகிற வாத நோய் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்துக் கூட எண்டு தெரிந்திருக்கு. ஆகவே யாருக்குத் தடுப்பு மருந்து வேணும் எண்டதை வைத்தியர் ஓரளவுக்கு முன்கூட்டியே பார்த்துச் சொல்லலாம்.

குளிசை என்ன செய்யுது?

காயம் பட்ட இடத்தில் புரோஸ்டகிளாண்டின் எண்ட பொருட்கள் சுரக்கும். வீக்கம், சூடு, நோ எல்லாத்துக்கும் அதுக்குப் பங்கு உண்டு. முதிராத கலங்களை "எலும்பு செய்" எண்டு தூண்டுறதிலும் அதுக்குப் பங்கு உண்டு. அழற்சி தணிக்கிற குளிசை அந்தப் பொருள் உண்டாகிறதைக் குறைக்குது. அதனாலதான் ஒரே குளிசை நோவையும் குறைக்குது, எலும்பு முளைக்கிறதையும் குறைக்குது.

இங்கே முக்கியமானது நேரம். எலும்பு செய்கிற வேலை சத்திரசிகிச்சை நடந்த முதல் ஓரிரு நாட்களிலேயே தொடங்கிவிடும். எக்ஸ்ரேயில் தெரிய சில கிழமை எடுக்கும். அதுக்குப் பிறகு மாதக்கணக்கில் இறுகி முதிரும். ஆகவே தடுப்பு மருந்து சத்திரசிகிச்சையோட ஒட்டினமாதிரித் தொடங்கவேணும், சொன்ன நாள் வரைக்கும் போகவேணும். எலும்பு வந்தபிறகு எத்தனை குளிசை போட்டாலும் அது கரையாது. வெட்டி எடுக்கிறது ஒன்றுதான் வழி. அதையும் எலும்பு முதிரும்வரை காத்திருந்துதான் பெரும்பாலும் செய்வார்கள்.

நோ ஒரு கணக்கு, எலும்பு இன்னொரு கணக்கு. நோ அஞ்சாம் நாள் போகலாம், எலும்பு செய்கிற கலத்துக்கு அது தெரியாது. இதை ஒருவர் அம்மப்பாவுக்குச் சொல்லியிருந்தால், அவர் குளிசையைத் தொடர்ந்திருப்பார், அல்லது வயிறு எரியுது எண்டு போய்ச் சொல்லியிருப்பார். ரெண்டுமே நல்லது.

ஆய்வுகள் சொல்லுறது நேர்கோடு இல்லை

இதுவரை வாசித்தவர்கள், "அப்ப எல்லாருக்கும் குடுத்தால் என்ன?" எண்டு கேட்கலாம். நாங்களும் அதைத்தான் முதலில் கேட்டோம். விடை கொஞ்சம் சிக்கலானது.

2004இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு ஒன்று, 18 ஆய்வுகளில் பங்குபற்றின 4,763 நோயாளிகளின் தகவலை ஒன்றாகப் பார்த்தது. இடுப்புச் சத்திரசிகிச்சையின்போது இந்த மருந்துகளை நடுத்தர அளவிலோ கூடின அளவிலோ குடுத்தால், எலும்பு முளைக்கிற ஆபத்து 59 வீதம் குறையுது எண்டு அது சொன்னது. குறைந்த அளவு அஸ்பிரின் உதவவில்லை எண்டும் சொன்னது. இருதயத்துக்கு எண்டு நாளாந்தம் சின்ன அஸ்பிரின் போடுற பெரியாக்கள் இதைக் கவனிக்கவேணும். அது இந்த வேலையைச் செய்யாது.

ரெண்டு வருசம் கழித்து, 2006இல், அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 20 மருத்துவ நிலையங்களில் 902 பேரிடம் செய்த ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு 14 நாளைக்கு ஐபுபுறொபென், மற்றப் பகுதியினருக்கு அதேமாதிரித் தோற்றமுள்ள வெறும் குளிசை. ஆறு மாதத்துக்கும் ஒரு வருசத்துக்கும் இடையில் பார்த்தபோது, மருந்து எடுத்தவர்களுக்கு எக்ஸ்ரேயில் எலும்பு குறைவாகத்தான் இருந்தது. ஆனால் நோவிலும் நடமாட்டத்திலும் ரெண்டு பகுதிக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதுக்கு மேல், மருந்து எடுத்தவர்களில் பெரிய இரத்தப்போக்குக் கூடுதலாக இருக்கக்கூடும் எண்ட அறிகுறியும் தெரிந்தது. எல்லாருக்கும் வழமையாகக் குடுக்கவேண்டாம் எண்ட பக்கத்துக்குத்தான் அந்த ஆய்வு சாய்ந்தது.

எங்களுக்கு இது பெரிய பாடம். எக்ஸ்ரே நல்லாயிருக்கிறதும் மனிசர் நல்லாயிருக்கிறதும் எப்போதும் ஒன்றாகப் போகாது. ஆபத்துக் கூடினவருக்கு இந்த மருந்து பிரயோசனப்படலாம். ஆபத்துக் குறைந்தவருக்கு அது வீண் சுமையாகலாம். அப்படியெண்டால் இது தராசு பார்த்து எடுக்கிற முடிவு. தராசின் ஒரு தட்டில் இருக்கிற மனிசரிடம் ஒன்றும் கேட்காமல் நிறை பார்க்கிறது எப்படி?

வன்னியில் இந்தத் தராசு இன்னும் பாரம்

புரோஸ்டகிளாண்டின் காயத்தில் மட்டும் வேலை செய்கிற பொருள் இல்லை. வயிற்றின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறதும் அதுதான். சிறுநீரகத்துக்கு இரத்தம் ஒழுங்காகப் போக உதவுறதும் அதுதான். குளிசை அதைக் குறைக்கிறபோது இந்த ரெண்டு காவலும் சேர்ந்து குறையுது. வயித்துப்புண் வாறதும், சிறுநீரகம் அடிபடுறதும் இதனாலதான்.

வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில், காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது எல்லாருக்கும் தெரியும். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த அதே நோய்தான். வயல் வேலை செய்கிற, வெளியில் ஒரு அறிகுறியும் இல்லாத ஆம்பிளைகளுக்கும் அது இருக்கலாம். அப்படி ஒருவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்து, மூட்டு மாற்றப்பட்டு, இந்தக் குளிசையோட வீட்டுக்கு வந்தால் அவருக்கு அது சாதாரண குளிசை இல்லை. பிறசருக்குக் குளிசை போடுறவர், அதோட உடம்பில நீர் குறைய மூத்திரம் போக வைக்கிற குளிசையும் போடுறவர் எண்டால், மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை அமத்தும். காலில் இரத்தம் கட்டாமல் இருக்க, இரத்தத்தை இளக்குகிற மருந்தும் இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு குடுக்கிறது வழமை. அதோடயும் இந்தக் குளிசை சேர்ந்தால் இரத்தப்போக்கு ஆபத்துக் கூடும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. பதினாலு நாளில நிப்பாட்டவேண்டிய குளிசையை, "நல்ல சுகம் தந்தது" எண்டு சொல்லி, வெறும் பையைக் கொண்டுபோய்ப் பாமசியில் காட்டி வருசக்கணக்காக வாங்கிப் போடுறவர்களும் எங்கட ஊரில இருக்கினம். ஒருவர் அஞ்சாம் நாள் விடுகிறார், மற்றவர் அஞ்சு வருசம் போடுகிறார். ரெண்டு பேருக்கும் நடந்தது ஒன்றுதான். என்னத்துக்கு, எவ்வளவு நாளைக்கு எண்டு ஒருவரும் சொல்லவில்லை.

தூரத்தையும் கணக்கில் எடுக்கவேணும். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். வோக்கரோட இருக்கிற ஒருவர் வயிறு எரியுது எண்டு கேட்க அவ்வளவு தூரம் போகமாட்டார். குளிசையை விடுவார், அல்லது தாங்கிக்கொண்டு போடுவார். மாரியில் காய்ச்சல் வந்தால் இன்னும் சிக்கல். டெங்குவாக இருந்தால் இந்தக் குளிசை இரத்தப்போக்கைக் கூட்டும். அப்போது உடனே அருகில் இருக்கிற ஆசுப்பத்திரிக்குப் போய், "நான் இந்தக் குளிசை போடுறன்" எண்டு சொல்லவேணும். எந்தக் குளிசை எண்டு தெரிந்தால்தானே சொல்லலாம்?

போர் விட்டுப்போன எலும்பு

தேவையில்லாத இடத்தில் எலும்பு முளைக்கிறது மூட்டு மாற்றினவர்களுக்கு மட்டும் வாற சங்கதி இல்லை. இதைப் பற்றின பழைய மருத்துவப் பதிவுகளில் முக்கியமானது போரிலிருந்து வந்தது. முதலாம் உலகப் போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழ் இயங்காமல் போன பிரெஞ்சுப் படையினரின் மூட்டுகளைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்ததை, டெஜெறின் அம்மையாரும் செயிலியேயும் 1918இல் எழுதினார்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அவயவம் இழந்த அமெரிக்கப் படையினரைப் பற்றி 2007இல் வந்த ஒரு ஆய்வில், பார்க்கப்பட்ட 213 அவயவ மிச்சங்களில் 63 வீதமானவற்றில் இப்படி எலும்பு முளைத்திருந்தது. குண்டுவெடிப்பில் போன அவயவங்களில் ஆபத்துக் கூடுதல் எண்டும் அது காட்டியது.

இந்த ரெண்டு வகைக் காயமும் வன்னியில் எந்த றோட்டிலும் காணக்கூடியவை. 2009இல் எங்களில் கனபேருக்கு அஞ்சாறு வயசு. பள்ளிக்கூடக் கட்டடங்களில் நடந்த ஆசுப்பத்திரிகளில், மயக்க மருந்தும் இரத்தமும் போதாமல் கை கால் அகற்றப்பட்டதை ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் பதிவு செய்திருக்கு. காயக்காரரும் நோயாளரும் அவர்களோட போன உறவுகளுமாக 13,000க்கும் மேற்பட்டவர்களை செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கடல்வழியாக வெளியே எடுத்தது. அந்த நிலைமையில் எலும்பு முளைக்காமல் தடுக்கிற குளிசையைப் பற்றி நினைக்க ஒரு வைத்தியருக்கும் நேரம் இருந்திருக்காது. உயிரைப் பிடிச்சு வைக்கிறதே பெரும்பாடு. அதுக்கு அவர்களில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் அதுக்குப் பிறகு ஒன்றரைத் தசாப்தம் போயிட்டுது. பொய்க்கால் போடுற ஒருவருக்கு மிச்சக் காலில் ஒரு இடத்தில் குத்துது எண்டால், காரணம் பல இருக்கலாம். பொய்க்காலின் குழி சரியில்லாமல் இருக்கலாம். நரம்பு முடிச்சாக இருக்கலாம். உள்ளே செல் துண்டு இருக்கலாம். முளைத்த எலும்பாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க முதல் படி ஒரு எக்ஸ்ரே. "செல் துண்டுதான், விடு" எண்டு வருசக்கணக்காகத் தாங்கிக்கொண்டு நோவுக் குளிசை போடுறவருக்கு, வேற காரணமும் இருக்கலாம் எண்டு தெரிந்தாலே அது பெரிய உதவி. முதிர்ந்த எலும்பைக் குளிசை கரைக்காது எண்டதும் அவருக்குத் தெரியவேணும். தெரியாததால்தான் சிறுநீரகத்தைக் குடுத்து நோவை வாங்குகினம்.

முள்ளந்தண்டு காயப்பட்டவர்களுக்கு இது அநேகமாக இடுப்பில்தான் வரும், காயப்பட்ட முதல் மாதங்களில். உணர்வு இல்லாததால் சிலருக்கு நோ தெரியாது. தொடைப்பக்கம் வீக்கமும் சூடும் வரும், கால் மடங்கிறது குறையும். கிருமித் தொற்று எண்டோ இரத்தக்கட்டி எண்டோ மாறி நினைக்க இடமிருக்கு. இடுப்பு மடங்காமல் போனால் சக்கர நாற்காலியில் நேராக இருக்க ஏலாது. சரிந்து இருந்தால் ஒரு பக்கம் அழுத்தி, படுக்கைப்புண் வரும். படுக்கைப்புண் உயிரைக் குடிக்கும். மாங்குளத்தில் இயங்குகிற 'உயிரிழை' போல, முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே சேர்ந்து நடத்துகிற அமைப்புகளுக்குப் படுக்கைப்புண் எண்டால் என்ன எண்டு நாங்கள் சொல்லிக்குடுக்கத் தேவையில்லை. காயப்பட்ட தொடக்கத்திலேயே இண்டோமெத்தசின் குடுத்தால் இந்த எலும்பு குறையுது எண்டு சின்ன அளவிலான ஆய்வுகள் காட்டியிருக்கு. போர் முடிந்தாலும் பனையிலிருந்தும் மாமரத்திலிருந்தும் விழுகிறவர்கள், ஏ9 வீதியில் மோட்டார்சைக்கிளில் அடிபடுகிறவர்கள் இண்டைக்கும் வந்துகொண்டிருக்கினம். அவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கு.

"சொன்னாலும் விளங்காது" எண்ட பேச்சு

இதைக் கதைக்கிறபோது ரெண்டு பதில் வரும். ஒன்று, வைத்தியருக்கு நேரமில்லை. அது உண்மை. கிளினிக் நாளில் வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனாலதான் வைத்தியரின் நேரத்தை நம்பாமல், கையில் குடுத்துவிடுகிற ஒரு தாளைக் கேட்கிறோம்.

மற்றது, சனத்துக்குச் சொன்னாலும் விளங்காது, பயந்துபோய்க் குளிசையே எடுக்காது. இதை நாங்கள் ஏற்கமாட்டோம். இலங்கையில் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சுகாதாரப் பதிவேடு குடுக்கினம். அது தமிழில் இருக்கு. அதில் நிறைக்கோடு எந்த நிறப் பகுதியில் போகுது, அடுத்த தடுப்பூசி எப்ப எண்டு வன்னியில் பள்ளிக்கூடம் பெரிதாகப் போகாத அம்மாக்களும் வடிவாகப் பார்த்துச் சொல்லுவினம். இடம்பெயர்ந்து ஓடினபோதும் அந்தக் கொப்பியைப் பொலித்தீனில் சுத்திக் கொண்டு திரிஞ்ச அம்மாக்களை எங்களுக்குத் தெரியும். டெங்குக் காய்ச்சலுக்குப் பனடோல் தவிர வேற நோவுக் குளிசை போடாதே எண்டதும் இப்ப ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அதுவும் இதே வகைக் குளிசையைப் பற்றின எச்சரிக்கைதான். திரும்பத் திரும்பத் தமிழில் சொன்னார்கள், சனம் பிடித்துக்கொண்டது. ஆகவே விளங்காது எண்டது பொய். சொல்லவில்லை எண்டதுதான் மெய்.

சொல்லுறது எண்டால் எப்படிச் சொல்லுறது எண்டதும் இருக்கு. இந்த நோய்க்கு ஒரு கலைச்சொல் செய்யலாம். "வேற்றிட என்பாக்கம்" எண்டு எங்களில் ஒருவரே ஒரு பின்னேரம் செய்துபார்த்தார். நல்ல சொல்தான். ஆனால் அதை அம்மப்பாவின் கையில் குடுத்தால் ஆங்கிலத் துண்டுக்கும் அதுக்கும் அவருக்கு வித்தியாசம் இருக்காது. "மூட்டைச் சுத்தி எலும்பு முளைக்கும்" எண்டால் அவருக்குப் போதும். மொழிபெயர்ப்பு எண்டது வாசிக்கப்போகிறவரின் முகத்தைப் பார்த்து எழுதுற வேலை எண்டு வகுப்பில் படிக்கிறோம். பரீட்சைக்கு மட்டும் படிக்கிறதுக்கு அது நல்ல பாடம் இல்லையா?

நாங்கள் கேட்கிறது

பெரிய கட்டடம் கேட்கவில்லை, புது இயந்திரம் கேட்கவில்லை. மூட்டு மாற்றி வீட்டுக்கு அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு பக்கத் தாள். பெரிய எழுத்தில். அதில் ஆறு வரி இருந்தால் போதும்:

இந்தக் குளிசை உங்களுக்கு நோவுக்கு மட்டுமா, எலும்பு முளைக்காமல் தடுக்கவுமா.
எத்தனை நாள் போடவேணும், எந்தத் திகதியோட நிப்பாட்டவேணும்.
நோ போனாலும் இடையில் விடலாமா.
சாப்பிட்ட பிறகு போடுங்கோ. வயிறு எரிந்தால், மலம் கறுப்பாகப் போனால், மூத்திரம் குறைந்தால் எங்கே உடனே வரவேணும்.
காய்ச்சல் வந்தால் இந்தத் தாளைக் காட்டுங்கோ.
சொன்ன திகதிக்குப் பிறகு பாமசியில் வாங்கிப் போடவேண்டாம்.

அதேமாதிரி, குளிசை எழுத முதல் நோயாளியிடம் கேட்கவேண்டியவையும் இருக்கு. வயித்துப்புண் இருந்ததா? சிறுநீரக வருத்தம் உண்டா? ஈழை வருத்தம் உண்டா? வேற என்ன குளிசை போடுகிறீங்கள்? முன்னம் செய்த இடுப்பில் எலும்பு முளைத்ததா? வைத்தியர்கள் இவற்றைப் பார்க்கத்தான் செய்வார்கள். ஆனால் கேள்வி தமிழில், அவசரமில்லாமல், கூட வந்த பிள்ளைகளும் இருக்கிற நேரத்தில் கேட்கப்பட்டால் வாற பதில் வேற. பாமசியில் வாங்கின குளிசையை "மருந்து" எண்டு கணக்கெடுக்காத ஐயாவும், பக்கத்தில் மகள் இருந்தால் உண்மையைச் சொல்லுவார்.

இதை வாசிக்கிற உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. வீட்டில் ஆருக்கும் இந்தச் சத்திரசிகிச்சை நடந்தால், கூட்டிவரப் போகிறது அநேகமாக நீங்கள்தான். குளிசைப் பையை வாங்கிக்கொண்டு ஓட்டோவைப் பிடிக்க ஓடமுதல், மிஸ்ஸிடமோ டொக்டரிடமோ ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்கோ: "இது என்னத்துக்கு? எண்டைக்கு நிப்பாட்டுறது?" பதிலை அந்தப் பையிலேயே பேனையால் தமிழில் எழுதுங்கோ. வீட்டுக்கு வந்து, போடப்போகிறவருக்கு வாசித்துக் காட்டுங்கோ. காயத்தில் எண்ணெய் போட்டு உருவி விடுகிறம் எண்டு ஆரும் வந்தால், சிகிச்சை செய்த இடத்தில் கேட்காமல் விடவேண்டாம்.

எங்கட பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்கிறோம். மேலே எழுதின ஆறு வரியை ஒரு தாளாக்கி வைத்திருக்கிறோம். அதை மருத்துவபீடத்தில் படிக்கிற நண்பர்களும், பிறகு எலும்பு முறிவு வைத்தியர்களும் திருத்தவேணும். திருத்தாமல் ஒருவர் கையிலும் குடுக்கமாட்டோம். திருத்தின பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வைத்தியசாலைகளுக்குக் கொண்டுபோய்க் குடுத்து, பாவிக்கச் சொல்லிக் கேட்போம். வேண்டாம் எண்டால் ஏன் எண்டு கேட்போம். மருத்துவபீடத்தில் படிக்கிற ஆருக்கும் இதை வாசித்துப் பிழை பிடிக்க நேரமிருந்தால் கீழே எழுதுங்கோ.